பத்து வயதிற் பிரியும் பாதை: ஜேர்மனி, பின்லாந்து ஆகிய இரு நாட்டுப் பாடசாலை முறைகளின் ஒப்புநோக்கு

தோற்றுவாய்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, இலக்கியப் பொருள் ஒன்றனை எழுதவே முதற்கண் எண்ணினோம். தமிழாசிரியரிடம் எவரும் எதிர்பார்ப்பது அதுவே அன்றோ? ஆயின் அவ்வாரத்தில் நேர்ந்த இரு நிகழ்ச்சிகள் எம் எண்ணத்தை வேறு வழியில் திருப்பின. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகி, ஊரிற் சில வீடுகளில் மகிழ்ச்சியும் பல வீடுகளில் மௌனமும் நிலவின. எம்முடன் இக்கல்லூரியில் ஒரே வாங்கிலிருந்து கற்றவரும், இன்று ஜேர்மனியின் பவேரியா மாநிலத்திற் குடும்பத்தோடு வாழ்பவருமாகிய நண்பர் ஒருவரின் நீண்ட கடிதமும் வந்து சேர்ந்தது.

நண்பரின் மகள் ஆங்கு நான்காம் வகுப்பை முடித்தவள். ஜேர்மன் மொழி, கணிதம், சுற்றாடற் கல்வி என்னும் மூன்று பாடங்களிலும் அவள் பெற்ற சராசரி 2.66. அந்நாட்டில் 1 என்பது மிக உயர்ந்த புள்ளி; 6 என்பது மிகத் தாழ்ந்தது. பல்கலைக்கழகத்துக்கு நேரே செல்லும் பாடசாலையிற் சேர்வதற்கு 2.33 அல்லது அதனினுஞ் சிறந்த சராசரி வேண்டும். ஆதலின் அவளுக்கு இடைநிலைப் பாடசாலையே விதிக்கப்பட்டது. சோதனை வகுப்பொன்றிற் பங்குபற்றி மீண்டும் முயல்வதற்கு வழி உண்டு. ஆயினும், ஆசிரியையின் முன் அமர்ந்து அந்நாட்டு மொழியில் வாதாடும் வல்லமை தமக்கில்லையென்று கருதி நண்பர் அதனைக் கைவிட்டார். “ஊரில் விட்டுவிட்டு வந்த ஸ்கொலர்ஷிப் சோதனை எனக்கு முன்னமே இங்கு வந்து காத்திருந்தது, மச்சான்” என்று அவர் எழுதியிருந்தார்.

அவ்வரியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. ஒரு நாடு தன் சிறாரை எந்த வயதில் வெவ்வேறு பாதைகளிற் பிரித்து விடுதல் தகும்? இவ்வினாவுக்கு ஜேர்மனி ஒரு விடையையும் பின்லாந்து வேறொரு விடையையும் தந்துள்ளன. முன்னொரு காலத்திற் பின்லாந்தின் விடையும் ஜேர்மனியின் விடையை ஒத்ததாகவே இருந்தது. ஆகலின் இவ்விரண்டையும் ஒப்பிடுதல் பயனுடைத்து.

ஜேர்மனிய முறை

ஜேர்மனி பதினாறு மாநிலங்களின் கூட்டாட்சி. கல்வி மாநிலங்களின் அதிகாரத்துக்குரியது. ஆதலின் அந்நாட்டிற் பதினாறு பாடசாலை முறைகள் உள என்று கூறினும் மிகையாகாது. எனினும் பொது அமைப்பு ஒன்று உண்டு.

பிள்ளைகள் ஆறு வயதளவில் ஆரம்பப் பாடசாலையிற் சேர்வர். பேர்லின், பிராண்டன்பேர்க் ஆகிய இரு மாநிலங்களில் ஆரம்பக் கல்வி ஆறு ஆண்டுகள் நீடிக்கும். ஏனையவற்றில் நான்கே ஆண்டுகள். செல்வர் மக்களும் எளியோர் மக்களும் ஒரே வகுப்பில் இருந்து கற்கும் இந்நான்காண்டுகள் எளிதிற் கிடைத்தன அல்ல. முன்னர், வசதி படைத்தோர் தம் பிள்ளைகளைத் தனி ஆயத்தப் பாடசாலைகளுக்கு அனுப்பி வந்தனர். வைமார் குடியரசு 1920ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமே யாவருக்கும் பொதுவான ஆரம்பப் பாடசாலையை நிறுவியது. அக்காலத்தில் அது பெரியதொரு முன்னேற்றம் என்க.

அந்நான்காண்டுகளின் முடிவிற் பாதை பிரியும். மரபு முறையில் அப்பாதைகள் மூன்று. முதலாவது கிம்நாசியம். இது பன்னிரண்டாம் அல்லது பதின்மூன்றாம் வகுப்பு வரை சென்று, ‘அபித்தூர்’ என்னும் இறுதிப் பரீட்சையில் முடியும். பிரசிய அரசு 1788இல் தொடங்கிய அப்பரீட்சையே இன்றும் பல்கலைக்கழகத்தின் வாயில். இரண்டாவது ரெயால்சூலெ. இது பத்தாம் வகுப்புடன் முடிந்து அலுவலகப் பணிகளுக்கும் உயர்தரத் தொழில்களுக்கும் வழிவிடும். மூன்றாவது ஹௌப்ட்சூலெ. ஒன்பதாம் அல்லது பத்தாம் வகுப்புடன் முடியும் இப்பாடசாலை கைத்தொழில்களுக்கு ஆயத்தம் செய்வது. பிற்காலத்தில், 1960களின் இறுதி தொடக்கம், மூன்றையும் ஒருங்கே கொண்ட கூட்டுப் பாடசாலைகளும் சில மாநிலங்களில் எழுந்தன. அண்மைக் காலத்திற் பல மாநிலங்கள் ஹௌப்ட்சூலெயைத் தனியே வைத்திராது ரெயால்சூலெயுடன் இணைத்துவிட்டன. ஆயினும் கிம்நாசியத்துக்குரியார், அல்லாதார் என்னும் பிரிவு எங்கணும் நிலைத்து நிற்கின்றது.

இம்முறையில் எவரும் பாராட்டத்தக்க பகுதி ஒன்றுண்டு. அஃது இருமுகத் தொழிற்பயிற்சி. பாடசாலையை விட்ட இளைஞன் ஒருவன் வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாட்கள் தொழிலகமொன்றிற் சம்பளத்துடன் வேலை பழகுவான். எஞ்சிய நாட்களில் தொழிற்பாடசாலையிற் கற்பான். முந்நூற்றுக்கு மேற்பட்ட தொழில்களுக்கு இங்ஙனம் முறைப்படி பயிற்சியும் சான்றிதழும் உண்டு. தச்சனும் மின்வினைஞனும் வெதுப்பகத்தானும் படிப்படியாக உயர்ந்து ‘மைஸ்டர்’ என்னும் பட்டம் பெறலாம். பெற்றவர் மற்றோரைப் பயிற்றும் உரிமையும் பெறுவர். கைத்தொழிலைக் கல்வியில் தோற்றவனின் புகலிடமெனக் கருதும் எம்மனோர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

பின்லாந்து பாதையை ஒன்றாக்கிய வரலாறு

வட ஐரோப்பாவிலுள்ள பின்லாந்து ஏறக்குறைய ஐம்பத்தாறு இலட்சம் மக்களைக் கொண்ட சிறு நாடு. ஊனோ சிக்னேயஸ் என்னும் பெரியாரின் முயற்சியால், 1863இல் யுவெஸ்கியூலா நகரில் ஆசிரியர் கலாசாலையும், 1866இன் ஆணைப்படி நாடெங்கும் பொதுமக்கள் பாடசாலைகளும் அங்குத் தோன்றின. 1921இற் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943இல் இயற்றிய சட்டத்தின்படி, 1948 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடசாலையில் இலவச மதிய உணவு வழங்கினர். போரால் நலிந்து கடன்பட்டிருந்த நாடு இதனைச் செய்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆயினும் அந்நாட்டிலும் பாதை பிரிந்தே இருந்தது. பொதுமக்கள் பாடசாலையில் நான்காண்டு கற்றபின், பதினொரு வயதளவில், சிறுவர் நுழைவுப் பரீட்சை எழுதினர். தேறியோர் உயர் பாடசாலைக்குச் சென்றனர். அவற்றுட் பல தனியார் நடத்தியவை, கட்டணம் அறவிட்டவை. எஞ்சியோர் பொதுமக்கள் பாடசாலையிலேயே இருந்து சில ஆண்டுகளில் வேலைக்குச் சென்றனர். சுருங்கக் கூறின், அன்றைய பின்லாந்து ஜேர்மனியின் தங்கையென்றே கூறலாம்.

1968ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் இவ்வமைப்பை மாற்றுஞ் சட்டத்தை நிறைவேற்றியது. ஏழு வயது முதல் பதினாறு வயது வரை, ஒன்பதாண்டுகளுக்கு, யாவர்க்கும் ஒரே பாடசாலை என்பதே அதன் சாரம். தரம் தாழ்ந்துவிடும் என்றும், வல்ல மாணவர் மெல்லக் கற்போரால் இழுபடுவர் என்றும் பலர் எதிர்த்தனர். அரசினர் அவசரப்படவில்லை. 1972இல் வடகோடியிலுள்ள லாப்லாந்திலே தொடங்கி, ஆண்டுதோறும் ஒவ்வொரு பிரதேசமாகத் தெற்கு நோக்கி வந்து, 1977இல் தலைநகர்ப் பகுதியில் முடித்தனர். எதிர்த்தோரைச் சமாதானப்படுத்துமுகமாக, கணிதத்திலும் பிறமொழிகளிலும் மாணவரைத் திறமைக்கேற்பக் குழுக்களாய்ப் பிரிக்கச் சில காலம் இடமளித்தனர். அப்பிரிவினையும் 1985இல் ஒழிந்தது.

பாதையை ஒன்றாக்கியதோடு அவர்கள் நின்றிலர். பல்திறப்பட்ட பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பின் ஆசிரியரின் வேலை கடினமாகும் அன்றோ? ஆதலின் ஆசிரியர் பயிற்சியைப் பல்கலைக்கழகங்களுக்கு மாற்றி, 1979 முதல் ஆரம்ப வகுப்பு ஆசிரியருக்கும் முதுமாணிப் பட்டம் வேண்டுமென விதித்தனர். பின்தங்கும் பிள்ளையைத் தனியே அழைத்துச் சில பாடவேளைகள் கற்பிக்கும் சிறப்பாசிரியர்களைப் பாடசாலைகளில் அமர்த்தினர். 1990களின் தொடக்கத்திற் பாடசாலைப் பரிசோதகர் முறையையும் நீக்கினர். பதினாறு வயது வரை நாடளாவிய பொதுப் பரீட்சை எதுவும் இல்லை. 1852 முதல் நடைபெற்றுவரும் மேனிலைப் பரீட்சை ஒன்றே, உயர்நிலைக் கல்வியின் முடிவில், பதினெட்டு பத்தொன்பது வயதில் அவர்களை எதிர்கொள்வது.

பின்லாந்திலும் பாதை பிரியாமலில்லை. பதினாறு வயதில் ஒரு சாரார் உயர்நிலைப் பாடசாலைக்கும், கணிசமான மற்றொரு சாரார் தொழிற்பாடசாலைக்கும் செல்வர். வேறுபாடு யாதெனில், பிரிவு ஆறாண்டுகள் பிந்தி நிகழ்கின்றது. பிரியும்போது பிள்ளை தன் விருப்பத்தைத் தானே சொல்லும் வயதை அடைந்திருக்கின்றது.

பயன் யாது?

2000ஆம் ஆண்டிற் பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு, ‘பீசா’ என்னும் மதிப்பீட்டைப் பல நாடுகளில் முதன்முதலாக நடத்தியது. பதினைந்து வயது மாணவரின் வாசிப்பு, கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றை அது சோதித்தது. 2001 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. வாசிப்பிற் பின்லாந்து 546 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. ஜேர்மனி பெற்றது 484. சராசரியாகிய 500க்கும் குறைவு. அன்றியும், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் வறிய வீட்டுப் பிள்ளைக்கும் இடையிலான வேறுபாடு மிக அதிகமாயிருந்த நாடுகளுள் ஜேர்மனியும் ஒன்றாயிற்று. தத்துவஞானிகளையும் விஞ்ஞானிகளையும் தந்த நாடு திகைத்தது. ‘பீசா அதிர்ச்சி’ என்று அந்நாட்டார் அதற்குப் பெயரிட்டனர்.

பிரித்துத் தெரிந்தெடுத்தால் தரம் உயரும் என்பதே முற்பிரிவின் நியாயம். பிரிக்காத நாடு உயர்ந்தும் பிரித்த நாடு தாழ்ந்தும் நின்றமை அந்நியாயத்தை அசைத்துவிட்டது.

பத்து வயதில் ஒரு பிள்ளையை அளக்கும்போது உண்மையில் எதனை அளக்கின்றோம்? ஜேர்மனியில் நடைபெற்ற ஆரம்ப வகுப்பு வாசிப்பு மதிப்பீடுகள் இதற்கு விடை தருகின்றன. வாசிப்பில் ஒத்த திறனுடைய இரு பிள்ளைகளுள், உயர் தொழில் பார்க்கும் பெற்றாரின் பிள்ளைக்கே கிம்நாசியப் பரிந்துரை கிடைக்கும் வாய்ப்பு மிகுதி என அவை மீண்டும் மீண்டும் கண்டன. ஹெசன் மாநிலத் தரவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வொன்று இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டியது. பாடசாலையிற் சேரும்போது சில மாதங்கள் மூத்திருந்த பிள்ளைகள், இளையோரைக் காட்டிலும் அதிகமாகக் கிம்நாசியத்திற் சேர்ந்தனராம். பிறந்த மாதமும் தந்தையின் தொழிலும் பிள்ளையின் அறிவு ஆகுமா?

பின்லாந்திலிருந்து வந்த சான்று இதன் மறுபுறத்தைக் காட்டுகின்றது. சீர்திருத்தம் வடக்கே 1972இலும் தெற்கே 1977இலும் வந்தமையால், ஒரே காலத்திற் பிறந்த சிலர் பழைய முறையிலும் சிலர் புதிய முறையிலும் கற்றனர். பொருளியலறிஞர் மூவர் அவர்கள் வளர்ந்தபின் ஈட்டிய வருமானத்தை அவர்தம் தந்தையர் வருமானத்தோடு ஒப்பிட்டு, 2009இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். தந்தையின் பொருள் நிலை மகனின் பொருள் நிலையைக் கட்டுப்படுத்தும் அளவு, புதிய முறையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்திருந்தது. பாடசாலைச் சட்டம் ஒன்று ஒரு தலைமுறையின் வாழ்வில் இவ்வளவு மாற்றத்தைச் செய்யவல்லது என்பதற்கு இது தக்க சான்று.

குறைநிறை

ஒப்புநோக்குவோன் வழக்கறிஞன் அல்லன், நடுவனாதல் வேண்டும். பின்லாந்தின் புகழ் பின்னர் தேய்ந்தது என்பதையும் கூறுதல் கடன். 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில் வாசிப்பிற் பின்லாந்து 490, ஜேர்மனி 480. கணிதத்திற் பின்லாந்து 484, ஜேர்மனி 475. இரு நாடுகளும் சராசரிக்குச் சற்று மேலே நின்றன. ஆயின் 2000இல் வாசிப்பில் 62 புள்ளிகளாயிருந்த இடைவெளி பத்தாகச் சுருங்கிவிட்டது. வாசிக்கும் வழக்கம் குன்றியமையும் கைபேசியின் ஆதிக்கமும் காரணமென்பர் சிலர். பின்தங்குவோருக்கான செலவு குறைந்தமை காரணமென்பர் வேறு சிலர். பாதையை ஒன்றாக்கினால் மாத்திரம் போதாது, அப்பாதையில் தளர்வோரைத் தாங்குதலும் இடையறாது வேண்டும் என்பதே யாம் இதனால் அறியும் பாடம்.

ஜேர்மனியும் கைகட்டி இருந்திலது. அதிர்ச்சிக்குப் பின் மாநிலங்களுக்குப் பொதுவான கல்வித் தரங்களை வகுத்தது. முழுநாட் பாடசாலைகளைப் பெருக்கியது. ரெயால்சூலெயில் முடித்தவர் தொழிற்சார் உயர் பாடசாலை வழியாகப் பல்கலைக்கழகம் புகும் வழியும் உண்டு. ஆண்டுதோறும் பலர் புகுகின்றனர். எம் நண்பரின் மகளுக்கும் அக்கதவு அடைபடவில்லை. ஆயின் அக்கதவு உண்டென்று அறிந்து, நேரத்திற் சென்று தட்டும் பெற்றாரின் பிள்ளைக்கே அஃது எளிதிற் திறக்கும்.

பாதை பிரியும் வயதை மாற்றுதல் எத்துணை அரிது என்பதற்கு ஹம்பேர்க் நகரம் சான்று. அந்நகர அரசு பொது ஆரம்பக் கல்வியை நான்காண்டிலிருந்து ஆறாண்டாக நீட்ட முனைந்தது. பெற்றார் பலர் திரண்டு எதிர்த்தனர். 2010 ஜூலை 18இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. சீர்திருத்தம் தோற்றது. தம் பிள்ளை முன்வரிசையில் நிற்குமென்று நம்பும் பெற்றார் வரிசையைக் கலைக்க உடன்படார். இதனை ஜேர்மனியரின் குணமென்று கூறிவிட்டு நாம் தப்பிக்கொள்ள முடியுமா?

நாம் கொள்ளத்தக்கது

எமது நாட்டிற்கு வருவோம். கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நகரத்துக் கல்லூரிகளுக்கு நிகராகக் கிராமங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. எளிய குடும்பத்துத் திறமைசாலிகளைக் கண்டெடுத்து அங்கே உணவும் உறையுளும் தந்து கற்பிக்கவே புலமைப்பரிசில் தோன்றியது. அதனால் உயர்ந்தோர் பலர். இம்மலரைப் படிப்போருள்ளும் அத்தகையோர் இருப்பர்.

காலப்போக்கில் அப்பரீட்சைக்கு இரண்டாவது வேலையொன்றும் சேர்ந்தது. புகழ்பெற்ற பாடசாலைகளின் ஆறாந் தரத்துக்குப் பிள்ளைகளைத் தெரியும் சல்லடையாயிற்று அது. இன்று ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுவர் இதனை எழுதுகின்றனர். வறியோருக்குக் கைகொடுக்க எழுந்த பரீட்சை, ரியூஷனுக்குப் பணங்கொடுக்க வல்லோரின் பந்தயமாகிவிட்டது. உதவிப் பணத்துக்குரியாரைத் தெரிதல் வேறு, பிள்ளைகளைப் பிரித்தல் வேறு. முன்னையதை வைத்துக்கொண்டு பின்னையதைத் தளர்த்துதல் இயலாத காரியமன்று.

இவ்விடத்தில் எம் குறையொன்றையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. ஆசிரியர் கலாசாலையை விட்டு வந்த புதிதில், ஒரு பாடசாலையில் ஐந்தாந் தரத்துக்குக் கற்பித்தோம். ஒரு மாணவன் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளிகள் குறைவாகப் பெற்றான். பெறுபேறு அறிய வந்த தாயாரிடம், அவன் அருகில் நிற்கவே, “இவனுக்கு இவ்வளவுதான் அம்மா” என்று கூறினோம். ஆறுதலாகச் சொல்கிறோமென்றே அன்று எண்ணினோம். அதன்பின் அவன் வகுப்பில் வினா எழுப்பியதை நாம் கேட்டதில்லை. பத்தாந் தரத்தோடு பாடசாலையை விட்டுவிட்டான் எனப் பின்னர் அறிந்தோம்.

மூன்றாண்டுகளுக்கு முன் எம் வீட்டுக் கிணற்று மோட்டர் பழுதுபட்டபோது, திருத்த வந்தவன் அவனே. கழற்றிய பாகங்களைச் சாக்கில் வரிசையாகப் பரப்பி, எது பழுதாயிற்று, அது மற்றொன்றை எங்ஙனம் பழுதாக்கிற்று, இனி எதனைக் கவனித்தல் வேண்டும் என்று படிப்படியாக விளக்கினான். அத்துணை ஒழுங்கான விளக்கத்தை எம் உயர்தர வகுப்புக் கட்டுரைகளிலும் அரிதாகவே கண்டுள்ளோம். கூலியை வாங்கிக்கொண்டு புறப்படுகையில், “சேர் அண்டைக்குச் சொன்னதை அம்மா இண்டைக்கும் சொல்லுவா” என்றான். அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எமக்குச் சிரிக்க இயலவில்லை.

அவன் ஜேர்மனியிற் பிறந்திருப்பின், அவன் கைத்திறனுக்குப் பயிற்சியும் பட்டமும் மதிப்பும் கிட்டியிருக்கும். பின்லாந்திற் பிறந்திருப்பின், பத்து வயதில் அவனுக்கு எவரும் எல்லை வகுத்திரார். இங்கே பிறந்தமையால், ஜேர்மனியின் முற்பிரிவு மாத்திரம் அவனுக்குக் கிடைத்தது. அந்நாட்டின் தொழிற்பயிற்சியும் கிட்டவில்லை, பின்லாந்தின் பொறுமையும் கிட்டவில்லை.

முடிவுரை

நாட்டின் கல்வி முறையை மாற்றுதல் எம் கையிலில்லை. ஆயின் பழைய மாணவர் சங்கத்தின் கையிற் சில காரியங்கள் உள. ஆண்டுதோறும் புலமைப்பரிசிற் சித்தியாளருக்கு மாலையும் பரிசும் அளிக்கின்றோம், அளித்தல் நன்றே. அவ்விழாவுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை, வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளைகளுக்கு வாரம் இருநாள் மாலை வாசிப்பு வகுப்பு நடத்துதற்கு ஒதுக்கலாகாதா? பழைய மாணவருட் பொறியியலாளரும் தொழிலகம் நடத்துவோரும் உளர். பதினாறு வயதிற் பாடசாலையை விடும் எம் பிள்ளைகளை அவர்கள் பயிலுநராக ஏற்று, சான்றிதழுக்கு வழிகாட்டலாகாதா? வாசிப்பு வகுப்பை நடத்த நாம் ஆயத்தமாயிருக்கிறோம். மாலை நேரமும் எமக்குண்டு. தீர்க்கவேண்டிய கடனும் எமக்குண்டு.

வீடுதோறும் பிடியரிசி சேர்த்துச் சைவப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்திய முன்னோரின் வழியில் வந்தவர் நாம். அப்பிடியரிசியை இட்ட தாய்மார், எந்தப் பிள்ளை எத்தனை புள்ளி எடுக்கும் என்று கேட்டு இட்டாரல்லர்.